ஆரஞ்சு மரத்திலிருந்து அளந்தால்

அத்தியாயம் 9

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ராய்ஸ் டிட்வெல் சிறையிலிருந்து வெளியே வருகிறான். இன்றைக்குப் புதன், நண்பகல். துப்பறியும் வில்லா டுப்ரீயின் கையில் மிச்சமிருப்பது நாற்பத்தாறு மணி நேரம், ஏ.சி. செத்துப்போன ஒரு வேன், அப்புறம் வாயை மூடத் தெரியாத ஓர் உதவியாளன்.

உதவியாளன் பெயர் ரஸ்டி பீக்கம். ஐம்பத்தெட்டு வயசு. முப்பது வருஷம் ஃப்ளோரிடாவில் வீடு வீடாகக் கறையானுக்கு மருந்தடித்தவன். வேன் அந்தக் காலத்து வேன். கூரையில் இன்னமும் ஒரு பிளாஸ்டிக் கரப்பான் மல்லாந்து கிடக்கிறது. ரகசியமாக யாரையாவது பின்தொடர வேண்டியிருந்தால் இதைவிட மோசமான வண்டி அமெரிக்காவிலேயே கிடையாது.

கேஸ் வந்தது திங்கட்கிழமை. ஜோலீன் என்ற பெண் தன் அம்மா வெர்னாவைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு ஆபீஸுக்குள் வந்தாள். பேசியதெல்லாம் மகள்தான். தம்பி ராய்ஸ் பதினொரு வருஷத் தண்டனையை ஒரு நாள்கூடக் குறையாமல் முடித்துவிட்டான். பக்கத்து வீட்டுப் பிள்ளை விஷயத்தில் மாட்டியவன் என்பதால், பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் ஆயுசுக்கும் அவன் பெயர் இருக்கும். அந்தப் பட்டியலில் இருக்கிறவன் பள்ளிக்கூடம், பூங்கா, குழந்தைகள் காப்பகம் எதிலிருந்தும் இரண்டாயிரத்து ஐநூறு அடிக்குள் குடியிருக்கக் கூடாது என்பது இந்த ஊர்ச் சட்டம். அம்மா வீட்டை அளந்து பார்த்து ஷெரிஃப் ஆபீஸில் சரி என்று கையெழுத்தும் போட்டாகிவிட்டது. போன வாரம் திடீரென்று அதை ரத்து செய்துவிட்டார்கள்.

"என் தம்பி ஒரு தப்பும் பண்ணலைங்க. அம்மாவே கோர்ட்ல சத்தியம் பண்ணினாங்க, அன்னிக்கு அவன் வீட்லதான் இருந்தான்னு. யாரோ வேணும்னே குழி பறிக்கிறாங்க. யாருன்னு கண்டுபிடிங்க. இல்லேன்னா அவன் ரயில்வே கிடங்குக்குப் பின்னாடி கூடாரத்துலதான் கிடக்கணும்" என்று அழுதாள் ஜோலீன்.

அந்தக் கூடாரங்களை ஊரில் எல்லோருக்கும் தெரியும். எங்கேயும் இடம் கிடைக்காத முப்பது நாற்பது பேர் அங்கே படுத்திருக்கிறார்கள். ஷெரிஃப் ஆபீஸ் பதிவேட்டில் அவர்களுடைய விலாசம் என்பது விளக்குக் கம்பத்தின் நம்பர். போன வெயிலில் ஒருவன் செத்து, மூன்றாம் நாள்தான் ஆள் போய்ப் பார்த்தார்கள். திங்கட்கிழமை ஆபீஸில் மகள் பேசி முடிக்கும்வரை வெர்னாம்மா கைப்பையின் வாரைப் பிடித்தபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற வயிறு, பாவம் என்று நினைத்துக்கொண்டாள் வில்லா.

ஷெரிஃப் ஆபீஸ் பதிவு கவுண்ட்டரில் ஹாலிஸ் க்ரப்ஸ் உட்கார்ந்திருந்தான். வில்லாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன்.

"ஹாலிஸ், கையெழுத்துப் போட்டதும் நீதான். கிழிச்சதும் நீதான். என்னப்பா நடந்துச்சு?"

"வந்துட்டியா? உக்காரு. வேலிக்கு வேலி அளந்தேன். பக்கத்துல இருக்கிறது ஒடெசா ரேபர்ன்னு ஒரு அம்மாவோட டேகேர். ஆரம்பிச்சு ரெண்டு மாசம்தான் ஆச்சு. ரெண்டாயிரத்து ஐநூத்தி முப்பது அடி. முப்பது அடி தாராளம், ஓகேன்னு போட்டேன். அப்புறம் இது வந்துச்சு." இழுப்பறையிலிருந்து ஒரு உறையை எடுத்துப் போட்டான்.

மொட்டைக் கடுதாசி. டைப் அடித்தது. 'வீட்டு வேலியிலிருந்து அளக்க வேண்டாம். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆறு ஆரஞ்சு மரங்களும் டிட்வெல் சொத்து. அங்கிருந்து அளக்கவும்.' கூடவே ஒரு பழைய கிரயப் பத்திரத்தின் ஜெராக்ஸ்.

"போய் அளந்தேன். ரெண்டாயிரத்து நானூத்தி நாப்பது. போச்சு" என்றான் ஹாலிஸ்.

"ஆக, ஆரஞ்சு மரத்துக்குப் பக்கத்துல இருந்தா பிள்ளைங்களுக்கு ஆபத்து, சமையல்கட்டுல இருந்தா ஆபத்தில்ல. சட்டம் எழுதினவருக்கு ஒரு டேப்பைப் பரிசா குடுக்கணும்" என்றான் ரஸ்டி.

"யாரு இவரு?"

"என் கூட வேலை பாக்கிறாரு. கண்டுக்காத." வில்லா ஜெராக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஹாலிஸ், கவுண்டி பதிவு ஆபீஸ் முத்திரை எங்க? பதிவு நம்பர் எங்க?"

"இல்ல. அந்தக் காலத்துல ரயில்வேக்காரன் வெர்னாவோட புருஷனுக்கு எழுதிக் குடுத்தது. பதியவே இல்ல போல. ஆனா சொத்து சொத்துதானே? நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா என் தலைதான் உருளும். எனக்கு எதுக்கு வம்பு?"

"அந்த டேகேர் டுபாக்கூர்னு நான் நிரூபிச்சா?"

"லைசென்ஸ் ரத்தாகும். அஞ்சு நிமிஷத்துல பழையபடி கையெழுத்துப் போடறேன். ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டு வா."

வேனுக்குத் திரும்பும்போதே ரஸ்டி தீர்ப்பு எழுதிவிட்டான். "வீட்டு புரோக்கர்தான் பாஸ். கிழவியைக் கிளப்பிட்டு வீட்டை அமுக்கப் பாக்கிறான். நான் அந்த வீட்டுக்கு அடியில ஊர்ந்து போய் மருந்தடிச்சிருக்கேன். தங்கமான உத்திரம். கறையான் எல்லாம் அழுதுகிட்டே செத்துச்சு."

"ஆரஞ்சு மரம் அவங்களுதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதே. ரயில்வே நிலம்னுதான் நினைச்சேன். ஊரே அப்படித்தான் நினைக்குது."

"அதான் இடிக்குது. ஓட்டு வண்டியை" என்றாள் வில்லா.

ஒடெசா ரேபர்ன் வீட்டு வாசலில் புத்தம்புது போர்டு: 'ஆட்டுக்குட்டிகள் பாலர் இல்லம்'. கதவைத் திறந்த ஒடெசாவுக்கு எழுபது வயசிருக்கும். ரஸ்டி தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

"எனக்கு இரட்டைப் பேத்திகள்மா. மூணு வயசு. எங்கேயும் இடமில்ல. உங்க பேரை எல்லாரும் அவ்வளவு சொல்றாங்க."

"யாரு சொன்னாங்க?" என்று ஒடெசா திடுக்கிட்டாள். பிறகு சமாளித்தாள். "இடமில்லீங்களே. நிறைஞ்சுடுச்சு. ஆறு பேருக்கு மேல சேக்கக் கூடாது."

"ஆறு பேர் இருந்துமா இவ்வளவு அமைதி?"

"தூங்குறாங்க."

"ஆறும் ஒண்ணாவா? பரவாயில்லையே. நானே இங்க சேந்துடறேன்."

வெயிலில் வந்தவர்களை நிற்கவைத்து அனுப்புவது இந்தப் பக்கத்து மனுஷிகளுக்கு வராத காரியம். கதவைச் சாத்தவும் முடியாமல், உள்ளே விடவும் பயந்து, கடைசியில் பழக்கம்தான் ஜெயித்தது. உட்காரச் சொல்லி, குளிர்ந்த தேநீரும் பீச் பழம் போட்டு வேகவைத்த இனிப்பும் கொண்டுவந்து வைத்தாள். வில்லா கண்ணைச் சுழற்றினாள். மேஜையில் இருபத்து நான்கு வண்ணக் குச்சிகள், எல்லாமே ஒரே உயரம், எல்லாமே கூர்முனை. களிமண் டப்பாக்களில் சிவப்பு சிவப்பாகவும் மஞ்சள் மஞ்சளாகவும் இருந்தது. ஒரு பிள்ளை கை வைத்திருந்தால் எல்லாம் சேர்ந்து சாணி நிறத்துக்கு வந்திருக்கும். இதெல்லாம் போதாதென்று, உட்காரச் சொன்ன சோபா வெள்ளைவெளேர் என்றிருந்தது.

"டிட்வெல் வீட்டு வெர்னாம்மாவைத் தெரியுமா உங்களுக்கு?" என்று பேச்சுவாக்கில் கேட்டாள் வில்லா.

"தெரியாது. யாரு அவங்க? பேரே கேள்விப்பட்டதில்ல."

"ஓ. இந்த இனிப்பு பிரமாதம். மிச்சத்தை இவர் எடுத்துட்டுப் போலாமா? பாத்திரத்தை நாளைக்குக் கொண்டுவந்து தந்துடுவாரு."

ஆள் போனால் போதும் என்றிருந்தது ஒடெசாவுக்கு. தந்துவிட்டாள்.

வேனில் ஏறியதும் ரஸ்டி கையாலேயே வழித்துச் சாப்பிட ஆரம்பித்தான். "பாஸ், அந்த வீட்ல பிள்ளைங்க இருந்தா நான் ஃபிரான்ஸ் நாட்டு ராஜா. கேஸ் முடிஞ்சுது. வண்டியை ஹாலிஸ்கிட்ட விடறேன்."

"முதல்ல அதைச் சாப்பிட்டு முடி. அப்புறம் பாத்திரத்தைக் கவுத்துப் பாரு."

சர்ச்சில் ஆளுக்கொரு பதார்த்தம் செய்து எடுத்துவந்து கூடிச் சாப்பிடும் ஞாயிறுகள் உண்டு. கண்ணாடிப் பாத்திரங்கள் எல்லாம் பார்க்க ஒன்றுபோல இருக்கும். மாறிப்போகாமல் இருக்க அடியில் ஒரு துண்டு டேப் ஒட்டிப் பெயர் எழுதிவைப்பார்கள். ஊரில் பெயர் எழுதாத பாத்திரம் எந்த அடுக்களையிலும் இருக்காது. பழகிப்போன விஷயம் என்பதால் யாருக்கும் அது கண்ணிலேயே படாது.

ரஸ்டி கவிழ்த்தான். பழுப்பேறிய டேப்பில் நீல மையில் எழுதியிருந்தது: வெ. டிட்வெல்.

"பேரே கேள்விப்பட்டதில்லையாம்! அடிப்பாவி கிழவி" என்றான்.

"பதியாத பத்திரம், ரஸ்டி. கவுண்டி ஆபீஸ்ல அதுக்கு நகல் கிடையாது. ஜெராக்ஸ் எடுக்கணும்னா அசல் கையில இருக்கணும். அசல் எங்க இருக்கும்?"

ரஸ்டி விரலை நக்குவதை நிறுத்தினான். "பாஸ்... நம்ம கிளையன்ட் வீட்லயா?"

"வண்டியை அங்க விடு."

வெர்னா டிட்வெல் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மணி இரண்டு. வில்லா பாத்திரத்தை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். வெர்னா அந்த டேப்பைப் பார்த்தாள், கத்தியைக் கீழே வைத்தாள், ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அந்த ஒடெசாவுக்கு எத்தனை தடவை சொன்னேன், என் பாத்திரத்தைத் திருப்பிக் குடுடீன்னு" என்றாள்.

"டேகேர் உங்க யோசனைதானா?"

"ஆமாம்மா. அவ எனக்காக லைசென்ஸ் வாங்க நாப்பது மணி நேரம் வகுப்புக்கெல்லாம் போனா, பாவம். இந்தப் பக்கத்துல எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதி. ஆனா அவ வீடு முப்பது அடி தள்ளிப் போச்சு. ஹாலிஸ் கையெழுத்துப் போட்டுட்டான்னு ஜோலீன் குதிச்சுகிட்டு வந்தப்ப எனக்கு உசுரே இல்ல. அப்புறம்தான் அந்த ஆரஞ்சு மரம் ஞாபகம் வந்துச்சு."

ரஸ்டிக்கு வேறொரு விஷயம் உறுத்தியது. "அப்ப எதுக்குமா எங்ககிட்ட வந்தீங்க?"

"ஜோலீன் பிடிவாதம். துப்பறியறவங்களை வெச்சே ஆகணும்னுட்டா. ஆள் பாக்கற பொறுப்பை நான் எடுத்துகிட்டேன். ஊர்ல விசாரிச்சேன். நீங்க கடைசியா ஒரு கிளியைத் தேடினீங்களாமே."

"அது கிடைச்சுதே!"

"அது தானாவே கூண்டுக்கு வந்துச்சுன்னு சொன்னாங்க."

"நாம தோத்துடுவோம்னு நம்பிக்கையா வந்த முதல் கிளையன்ட், பாஸ்" என்றான் ரஸ்டி. சிரிக்கத்தான் பார்த்தான். முகம் ஒத்துழைக்கவில்லை.

வில்லா எதிரே உட்கார்ந்தாள். "வெர்னாம்மா. அவன் அன்னிக்கு வீட்ல இருந்தான்னு கோர்ட்ல சத்தியம் பண்ணீங்க."

"பண்ணினேன்." வெர்னா புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "வீட்ல இல்ல. நாலரை மணிக்குத்தான் வந்தான். வந்ததும் சட்டையைக் கழட்டி அவனே துவைச்சான். பொறந்ததுலேர்ந்து ஒரு கர்சீப் துவைச்சவன் இல்லம்மா அவன். நான் பாத்துகிட்டே நின்னேன். கேக்கல. கோர்ட்ல பைபிள் மேல கை வெச்சுப் பொய் சொன்னேன். அவங்க நம்பல. ஆனா ஜோலீன் நம்பிட்டா. பதினொரு வருஷமா நம்பிட்டிருக்கா."

"அவகிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லாம இருப்பேனா? ரெண்டு மாசம் முன்னாடி, இதே மேஜையில வெச்சு அழுது சொன்னேன். கேட்டுட்டு என் கையைப் பிடிச்சுகிட்டா. மறுநாள் ஞாபக மறதி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டா. வயசாச்சு, புத்தி தடுமாறுது, கண்டதையும் நெனைச்சுக்கிறாங்கன்னு அவர்கிட்ட சொல்றா. மாத்திரை குடுத்திருக்காங்க, பாருங்க." ஜன்னலோரம் கிழமை போட்ட மாத்திரை டப்பா இருந்தது. அதில் புதன் காலியாக இருந்தது.

"ராய்ஸ்கிட்டயே வராதேன்னு சொல்லுங்க."

"எத்தனையோ தடவை வாயைத் திறந்தேன். அம்மான்னு கூப்பிடுவான், அவ்வளவுதான். உன் ரூம் ரெடியா இருக்குப்பான்னு என் வாயே சொல்லிடும். நான் ஒண்ணுக்கும் உதவாதவம்மா. அதான் சட்டமாவது வேணாம்னு சொல்லட்டுமேன்னு பாத்தேன்."

"ஆனா இப்ப எதுக்கு இவ்வளவு பயம்? இங்க நீங்க மட்டும்தானே இருக்கீங்க?"

வெர்னா ஃபிரிட்ஜ் கதவைக் காட்டினாள். முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சிறுமியின் ஸ்கூல் போட்டோ. "பெய்ஸ்லி. ஜோலீனோட பொண்ணு. ஆறு வயசு. ஜோலீனுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல வேலை. மூணு மணிக்கு ஸ்கூல் பஸ் புள்ளையை இந்த முக்குல இறக்கி விடும். ஆறு மணி வரைக்கும் என்கூடத்தான். வேற ஆள் வைக்க அவளுக்கு வழியில்ல. புள்ளைகிட்ட சொல்லியிருக்கா, மாமா வர்றாரு, தினம் உன்கூட விளையாடுவாருன்னு."

ஒருவனைக் கூடாரத்துக்கு அனுப்ப அவனைப் பெற்றவளே ஆரஞ்சு மரத்தை அளந்திருக்கிறாள். அந்தக் கூடாரத்தில் ஆள் செத்தாலும் கேட்க நாதியில்லை. ஆனாலும் அவளைத் தப்பென்று சொல்ல வில்லாவுக்கு வாய் வரவில்லை.

"பாஸ். நாம தோத்துட்டோம்" என்றான் ரஸ்டி மெதுவாக.

"ஆமா. தோத்துட்டோம்" என்றாள் வில்லா. "டேகேர்ல பிள்ளைங்க தூங்கிட்டிருந்தாங்க. நான் கண்ணால பாத்தேன். ஜோலீன்கிட்ட நானே சொல்லிடறேன், வெர்னாம்மா."

வெர்னா அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நல்லா இரும்மா, நல்லா இரும்மா என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எழுந்து போய்க் காபி போடத் தண்ணீர்கூட வைத்துவிட்டாள். இரண்டு மாசத்தில் அவள் மூச்சு விட்டது அந்த மூன்று நிமிஷம்தான்.

சுவரில் டெலிபோன் அடித்தது.

"புதன்கிழமை ரெண்டரைக்கு அவன் கூப்பிடுவான்" என்றாள் வெர்னா. காது மந்தம் என்பதால் ஸ்பீக்கர் பட்டனை அழுத்தினாள். இது சிறைச்சாலையிலிருந்து வரும் அழைப்பு, பேச்சு பதிவு செய்யப்படுகிறது என்று ஒரு இயந்திரக் குரல் சொல்லி முடித்தது.

"அம்மா?" சந்தோஷமான குரல். சின்னப் பையனின் குரல் மாதிரிகூட இருந்தது.

"சொல்லுப்பா."

"அந்தத் துப்பறியற ஆளுங்க என்ன சொல்றாங்க?"

வெர்னா வில்லாவைப் பார்த்தாள். வில்லா தொண்டையைச் செருமினாள். "நான்தான் பேசறேன். வில்லா டுப்ரீ. அந்த டேகேர் உண்மைதான். எங்களால ஒண்ணும் பண்ண முடியல. மன்னிச்சுக்கங்க."

"அட, விடுங்க மேடம். இருந்தாலும் தேங்க்ஸ். அம்மா, நீ அழாத. நான் இங்க லைப்ரரியில அந்தச் சட்டத்தை எடுத்து முழுசாப் படிச்சுப் பாத்துட்டேன். குடியிருக்கிறதுன்னா ராத்திரி படுக்கிறதுதானாம். பத்து மணிலேர்ந்து காலையில ஆறு வரைக்கும் மட்டும்தான் உன் வீட்ல நான் இருக்கக் கூடாது. மத்த நேரம் தாராளமா இருக்கலாம்."

"என்னப்பா சொல்ற?"

"படுக்கறதுக்கு மட்டும் கூடாரத்துக்குப் போயிடறேன்மா. விடிஞ்சதும் வந்துடுவேன். நான் முழுத் தண்டனையும் முடிச்சவன், எனக்குன்னு கண்காணிப்பு அதிகாரி கிடையாது. யாரும் கேக்க முடியாது. ஹாலிஸ் க்ரப்ஸுக்கே லெட்டர் போட்டுக் கேட்டுட்டேன், ஆமான்னு பதில் வந்துடுச்சு. கூரையெல்லாம் நான் பாத்துக்கறேன். பெய்ஸ்லியை பஸ்லேர்ந்து நானே போய் கூட்டிட்டு வரேன். நீ முட்டியைப் பிடிச்சுகிட்டு முக்கு வரைக்கும் நடக்க வேணாம்."

வில்லா வெர்னாவின் தோளைப் பிடித்து அழுத்தினாள். சொல்லுங்க, இப்பவே சொல்லுங்க என்று சத்தமில்லாமல் வாயசைத்தாள். ரஸ்டி கும்பிடாத குறையாக நின்றான். வெர்னா வாயைத் திறந்தாள். நெற்றியில் நரம்பு புடைத்தது. தன்னால் முடிந்த மட்டும் அவள் முயன்றாள் என்று வில்லா பிற்பாடு யார் கேட்டாலும் சொல்லத் தயாராக இருந்தாள்.

"அம்மா? இருக்கியா?"

"இருக்கேன்பா" என்றாள் வெர்னா. "வெள்ளிக்கிழமை உனக்கு என்ன சமைக்கட்டும்?"

கோழி பொரிக்கச் சொன்னான். இயந்திரக் குரல் குறுக்கே வந்து நேரம் முடிந்தது என்றது. லைன் அறுந்தது.

"திருப்பிக் கூப்பிடுங்க!" என்று வில்லா கத்தினாள். "நான் பேசறேன். நம்பரைக் குடுங்க."

"அங்கேர்ந்துதான் கூப்பிட முடியும்மா. இங்கேர்ந்து முடியாது. இனிமே அவன் நேராதான் வருவான்."

"ஜோலீன்கிட்ட நான் போய்ச் சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன்."

"சொல்லு. என்கூடச் சேந்து நீயும் ஒளர்றேன்னுவா. தோத்துட்டு கதை கட்டறேன்னுவா. அவளைக் குத்தம் சொல்ல முடியுமா? அவளை நம்ப வெச்சதே நான்தானே."

ஹாலிஸிடம் போகலாமா என்று வில்லா யோசித்தாள். போய் என்னவென்று சொல்வது? நடந்தது பதினொரு வருஷத்துக்கு முந்தின குற்றம், அதற்குத் தண்டனையும் முடிந்தாகிவிட்டது. காலை ஆறு மணிக்கு மேல் அம்மா வீட்டு வாசற்படியில் ஒருவன் உட்காருவதைத் தடுக்க ஹாலிஸின் புத்தகத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. அந்தப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் அடிக்கணக்குதான். வாழ்க்கையில் இவ்வளவு கையாலாகாமல் அவள் எந்தச் சமையலறையிலும் நின்றதில்லை.

தெருமுக்கில் பஸ் பிரேக் போடும் சத்தம் கேட்டது. வெர்னா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கதவு வரைக்கும் போனவள் நின்று திரும்பினாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் மத்தியானத்துல பெரிசா வேலை ஒண்ணும் இருக்காதுல்ல?"

"இருக்காதும்மா" என்றான் ரஸ்டி.

"வெள்ளிக்கிழமைலேர்ந்து தினம் மூணு மணிக்கு வந்து, ஆறு மணி வரைக்கும் இந்த மேஜையில உக்காந்துட்டுப் போறீங்களா? காபி தரேன். என்ன இருக்கோ அதைச் சாப்பாடு போடறேன்."

"எத்தனை நாளைக்கும்மா?"

"அவ வளர்ற வரைக்கும்" என்றாள் வெர்னா.